கைமணியும் தப்பும்

ஓசையை எண்ணி வகுத்தல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அடிகளின் விரிவை 625 எனக் கணக்கிட்டுரைத்தார். மணியோசையை அவ்வாறே எண்ணால் வகுத்து, அதனை ஒரு தனிக்கலையாக வளர்த்தவர் ஆங்கிலேயர். அக்கலையைக் கைமணி கொண்டு பயின்றோர் இந்நூற்றாண்டில் எய்திய வெற்றி, மலையகத்து ஆசிரியரும் மாணவரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றாகும்.

அக்கலையில் பண்ணும் இல்லை, பாட்டும் இல்லை. வரிசை மாற்றமே உண்டு. மூன்று மணிகளை 1, 2, 3 எனக் கொள்வோம். முதலில் 123 என ஒலித்து, அடுத்து 213, 231, 321, 312, 132 என முறையே மாற்றி, மீண்டும் 123க்கு வந்து முடித்தல் வேண்டும். ஒரு மாற்றத்தில் எந்த மணியும் ஓரிடத்துக்கு மேல் நகரலாகாது. இடையில் ஒருமுறை வந்த வரிசை மறுமுறை வரலாகாது. மூன்று மணிக்கு வரிசை 6, ஆறு மணிக்கு 720, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. இத்தனையையும் ஏடு பாராமல் நினைவிலிருந்தே ஒலிப்பது அவர்தம் மரபு.

1668இல் இக்கலைக்கு முதல் நூல் அச்சேறியது. 1677இல் ஃபேபியன் ஸ்டெட்மன் மற்றொரு நூலை வெளியிட்டார். 1715இல் நோரிச் நகரத் தேவாலயம் ஒன்றில் 5,040 வரிசையும் பிழையின்றி ஒலிக்கப்பெற்றன. 1963இல் லஃப்பரோ நகரில் எண்மர், எட்டுக் கோபுர மணிகளின் 40,320 வரிசையையும் ஏறத்தாழ 18 மணித்தியாலத்தில் முடித்தனர்.

கைமணியின் அருமை இதனினும் பெரிது. கோபுரத்தில் ஒருவருக்கு ஒரு மணியே. கைமணியிலோ வலக்கையில் ஒன்றும் இடக்கையில் ஒன்றுமாக, ஒருவரே இருவேறு வழிகளை ஒருங்கே நினைத்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டு பெப்ருவரியில் பிலிப் ஏரிஸ், அன்ட்ரூ டிபெட்ஸ், டேவிட் பைப் என்னும் மூவர் ஆறு கைமணிகளை ஏந்தி அமர்ந்தனர். நூறு வேறு முறைகளில், முறைக்கு 720ஆக, 72,000 வரிசைகளை ஒலித்தனர். அதற்குச் சென்ற காலம் 24 மணித்தியாலம் 9 நிமிடம். இடையில் மாற்றாள் இல்லை; மணியைக் கீழே வைக்கவும் இடமில்லை.

நினைவின் திறத்தை நாமும் அறிவோம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருங்கே கருத்தைச் செலுத்தி அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். ஆயினும் அவதானம் ஒருவர் நெஞ்சின் ஆற்றல். கைமணியோ கூட்டத்தின் நினைவு. ஒருவர் தடுமாறினால் மற்றவர் உழைப்பும் வீணாகும்.

கூட்டமாக நின்று, ஏடின்றி, நினைவினால் ஒலிக்கும் கலை நம் தோட்டங்களிலும் உண்டு. அதுவே தப்பு. விடியுமுன் லயத்தை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பின் ஓசை. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி என அடிகள் பலவாகும். நெருப்பில் காய்ச்சிய தோலின்மேல் இரு குச்சிகளும் இருவேறு வேலை செய்ய, அருகில் நிற்பவன் அடியோடு தன் அடியை இணைக்கும் கலைஞனுக்கும், இரு கையிலும் மணி ஏந்திய ஆங்கிலேயனுக்கும் திறத்தில் வேற்றுமை யாது?

வேற்றுமை திறத்தில் இல்லை, மதிப்பில் உண்டு. அங்கே மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கலையை நூலில் ஏற்றினர். ஒலித்தவர் பெயரையும், நாளையும், எடுத்த நேரத்தையும் குறித்து வைத்தனர். 2020இல் பெருந்தொற்றினால் கோபுரங்கள் அடைபட்டபோது, இணையவழிக் கூடிப் பயிற்சியைத் தொடர்ந்தனர். இங்கோ தப்படிப்பவனைத் தாழ்ந்தவனாக எண்ணினோம். அவ்விழிவுக்கு அஞ்சி மகன் தந்தையின் தப்பைத் தொட மறுத்தால், குற்றம் மகனுடையதன்று, நம்முடையது. தோட்டத்துப் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து நூலாக்கினார். பாடலுக்குக் கிடைத்த அப்பேறு அடிக்கும் கிடைத்தல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் தமிழாசிரியர் இல்லாத பாடசாலை அரிது. தேமா, புளிமா என ஓசைக்கு வாய்பாடு கற்பிக்கும் நாம், தப்படிக்கும் வாய்பாடு காண மாணவரைத் தூண்டலாம். அவர்தம் கைப்பேசியே ஒலியைப் பதியும். முதியவரிடம் சென்று, இஃது எந்த அடி, எப்போது அடிப்பது, யாரிடம் கற்றீர் என்று பணிந்து கேட்டு எழுதி வரட்டும். தாம் கற்றதை ஒரு பிள்ளை குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைக் காணும் முதியவர், தம் கலை கல்வியாக மதிக்கப்படுவதை உணர்வார். அப்பிள்ளையும் தப்பை அச்சமின்றித் தொடுவான்.