உயிருக்கு எது காவல்?

மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸும், அதன் ஸ்தானத்தில் இப்பொழுது வந்துவிட்ட எம்.சி.பி.யும் நம் உயிரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டவை என்று நம்மில் அநேகர் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியைத்தான். விளக்கும் விசிறியும் சேர்ந்த சுற்றுக்கு வழக்கமாகப் போடப்படும் எம்.சி.பி. 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர் வரை வாளாவிருக்கும். மனித தேகத்திலோ 100 மில்லி ஆம்பியர் சில விநாடிகள் பாய்ந்தாலே இருதயத்தின் கதி தப்பிப் பிராணாபாயம் நேர்ந்துவிடலாம். ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்தாலும் எம்.சி.பி.க்கு ஒன்றும் தெரியாது.

உயிருக்குக் காவலாக நிற்பவை எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும். மூன்று முனை ப்ளக்கை ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள்: மேல் முனை மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருக்கும். சொருகும்போது எல்லாவற்றிற்கும் முன்னே எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகவே அது விலக வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்த முனைக்குரிய துளையின் பின்னால் எர்த்துக்கான பச்சைக் கம்பியே இல்லாத வீடுகளும் இருக்கின்றன என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

ஆர்.சி.சி.பி.யோ, போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று சதா ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டால், நொடியில் மூன்றிலொரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் லைன், நியூட்ரல் இரண்டையும் ஒருவரே இரு கைகளாலும் தொட்டுவிட்டால், வித்தியாசம் எதுவும் காணாமல் அதுவும் ஏமாந்துபோகும். மழைக்காலத்தில் அடிக்கடி ‘ட்ரிப்’ ஆகிறதென்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துக்கொள்வது மகா அபாயம். எங்கோ கசிகிறது என்றுதான் அது சொல்கிறது. அதன்மேலுள்ள ‘டி’ என்னும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அணையாவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

செலவு விஷயத்திலும் நம் கவலை இடம் மாறித்தான் கிடக்கிறது. 2,000 வாட் கீஸரைக் கண்டு அஞ்சுகிறோம். தினம் அரைமணி நேரம் ஓடினால் அது எடுப்பது 1 யூனிட். தலைக்குமேல் 16 மணி நேரம் சுழலும் சாதாரண 75 வாட் விசிறி 1.2 யூனிட் எடுக்கிறது. அதுவும் வீட்டில் ஒன்றா இரண்டா! 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால், ஒரு விசிறிக்கே இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிஞ்சும். தமிழ்நாட்டிலோ இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறி, அதற்கு முந்திய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடுகிறது. விளிம்பில் நிற்கும் குடும்பத்திற்கு அந்த 43 யூனிட் சொற்பமல்ல. கீஸருக்காக அஞ்ச வேண்டுமானால், ஈரக்கையோடு தொடும் அதன் உலோக உடலுக்கு எர்த் இருக்கிறதா என்றே அஞ்ச வேண்டும். அதைச் சோதிக்கத் தேர்ந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.