மென்பொருட் பதிப்பெண்ணும் மாற்றத்தின் சுமையும்: ஒரு நோக்கு

நூலொன்றின் இரண்டாம் பதிப்பு வெளிவருவதால் முதற் பதிப்பு வாசகனின் அலுமாரியை விட்டு அகன்றுவிடுவதில்லை. மென்பொருளின் நிலை வேறு. இன்றைய நிரல்கள் பெரும்பாலும் பிறர் எழுதிய நிரற்கூறுகள் பலவற்றின் மீது கட்டப்படுபவை. அக்கூறுகளின் புதிய பதிப்புகளைப் பல வேளைகளில் மனிதனன்றிப் பொறியே தெரிந்தெடுத்து உள்வாங்குகின்றது. அத்தெரிவுக்கு அது நம்பியிருப்பது பதிப்பெண்ணையே. எனவே அவ்வெண்ணை எவ்வாறு இடுவது என்பது பெயரிடற் பிரச்சினையன்று. ஆக்குவோனுக்கும் பயன்படுத்துவோனுக்குமிடையிலான உறவு பற்றிய பிரச்சினையாகும்.

இவ்வுறவை விதிப்படுத்த முனைந்தோருள் டொம் பிரெஸ்டன்-வேர்னர் முக்கியமானவர். அவர் வகுத்த விதிமுறையின் 2.0.0 ஆம் பதிப்பு 2013 இல் வெளியாயிற்று. அதன்படி பதிப்பெண் மூன்று கூறுகளையுடையது. 4.2.7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். குறையொன்று திருத்தப்படின் அடுத்தது 4.2.8, பழையன குலையாது புதிய வசதி சேரின் 4.3.0, பழைய முறையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இயங்காது போகக்கூடிய மாற்றமெனின் 5.0.0. முதலெண் பூச்சியமாயிருக்கும் வரை எவ்வித உறுதியும் அளிக்கப்படுவதில்லை.

ஆகவே முதலெண் மாற்றத்தின் பெருமையை அளப்பதன்று; பிறர்மீது சுமத்தப்படும் உழைப்பை அறிவிப்பது. பல மாத உழைப்பின் விளைவான வசதி நடுவெண்ணை மட்டும் உயர்த்தலாம். கட்டளையொன்றின் பெயரை மாற்றும் ஒருவரித் திருத்தமோ முதலெண்ணையே உயர்த்த வேண்டியதாகும். போட்டி இவ்வொழுங்கைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான ஸ்லக்வெயர் 1999 இல் 4 இலிருந்து நேரே 7 இற்குத் தாவியது. ஏனைய வெளியீடுகளின் எண்கள் உயர்ந்திருந்தமையே காரணம். இங்கு எண் தன் பயன்பெறுமதியை இழந்து விளம்பரப் பலகையாகிவிடுகின்றது.

முறிவு தன்னளவில் தீயதென நாம் கொள்ளவில்லை. 2008 டிசெம்பர் 3 இல் வெளியான பைதன் 3.0 பழைய நிரல்கள் பலவற்றை இயங்காமற் செய்தது. ஆனால் அம்முறிவில் எமக்கொரு பங்குண்டு. பைதன் 2 இல் ‘தமிழ்’ என்பதைச் சாதாரண எழுத்துச்சரமாக யூ.டி.எவ்-8 குறியாக்கத்தில் எழுதி, அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்னும்; அது எண்ணியது பைற்றுகளை. பைதன் 3 இல் விடை 5. அது எண்ணுவது யூனிகோட் குறிகளை. (எழுத்து மூன்றே என இலக்கணம் பயின்றோர் சொல்வர், அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.) ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைற்றில் அடங்குவதால், ஆங்கிலத்தில் மட்டும் எழுதியோருக்குப் பழைய முறையின் குறை தென்படவேயில்லை. அவர்களுக்கு முறிவு வீண் தொல்லையாகவும், ஏனைய மொழியினருக்கு நெடுநாட் கடன் தீர்ந்ததாகவும் தோன்றியதில் வியப்பில்லை. சுமையும் சிறிதன்று: 2015 இல் முடியவிருந்த பைதன் 2.7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 வரை நீடிக்கப்பட்டது.

எது முறிவு என்பதை ஆக்குவோன் தனித்துத் தீர்மானித்துவிடவும் முடியாது. குறையொன்றைத் திருத்துவதுகூட, அக்குறையை நம்பி எழுதப்பட்ட நிரலுக்கு முறிவே. மேலும், திறந்த மூல நிரற்கூறுகளைப் பேணுவோருட் பலர் ஊதியமின்றி உழைப்பவர். பெருநிறுவனங்களோ அவர்களிடும் எண்ணை நம்பித் தம் உற்பத்தியை நடத்துகின்றன. முதலெண் உயர்ந்தால் பழைய வரிசையையும் பேணுமாறு கோரிக்கை எழும். இதற்கஞ்சிப் பூச்சியத்திலேயே தங்கிவிடுவோருமுளர். முறிவை நடுவெண்ணுக்குள் ஒளிப்போருமுளர். முன்னதை நாம் விளங்கிக்கொள்ளலாம். பின்னது, அதே உழைப்பை முன்னறிவிப்பின்றி, முகமறியாத வேறொரு நிரலாளரின் தலையில் இறக்குகின்றது. நீக்கவுள்ள கட்டளைக்கு 4.6.0 இலேயே எச்சரிக்கை காட்டி, 5.0.0 இல் நீக்கும் வழக்கம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அவ்விதிமுறையும் அதனையே பரிந்துரைக்கின்றது.