காருக்குப் பட்ட கண்ணும் கீறலும்

“கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது” என்பது நம் பாட்டிமார் வாக்கு. புது வீட்டுக்குப் பூசணிக்காய், குழந்தைக்குக் கன்னத்தில் மை என்று ஊரில் தொடங்கிய பட்டியலில், மும்பைக்கு வந்த பிறகு காரும் சேர்ந்துகொண்டது. செம்பூர் செடா நகர் முருகன் கோயில் வாசலிலோ மாட்டுங்கா கோயில்களின் வாசலிலோ நல்ல நாளில் சற்று நேரம் நின்றால் பார்க்கலாம். மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகே புது வண்டி நகரும். இந்த ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். எலுமிச்சையையும் பச்சை மிளகாயையும் கோத்து வண்டியின் முன்னால் தொங்க விடுகிறார்கள். கண்ணேறு எல்லா மொழிக்காரருக்கும் பொது போலும்!

இவ்வளவும் செய்த பின், ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்தால், முன் கதவிலிருந்து பின் கதவு வரை சாவியால் இழுத்தது போல் ஒரு கோடு. அல்லது பக்கவாட்டுக் கண்ணாடி முறிந்து தொங்குகிறது. டயரில் காற்று இல்லை. பழைய பென்ஸ் என்றால் பானெட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் நட்சத்திரத்தைக் காணோம். விலை உயர்ந்த கார் வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு இது புதிதல்ல. உடனே வாயில் வரும் சொல், “பொறாமை பிடித்தவர்கள்!” என்பதே. அது எப்போதும் சரிதானா? சரியென்றால் என்ன செய்யலாம்? சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே கேட், பல வாழ்க்கை

ஒரு காலத்தில் நம்மவர்களுக்குக் கார் என்பதே எட்டாக்கனி. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் படித்துவிட்டு தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்களுக்கு லோக்கல் ரயிலும் ‘பெஸ்ட்’ பஸ்ஸும்தான் வாகனங்கள். பணம் இருந்தவர்களும் அம்பாசிடர் அல்லது பிரீமியர் பத்மினிக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983-இல் மாருதி 800 வந்தபோது நடுத்தரக் குடும்பம் முதன்முறையாகக் கார் கனவு கண்டது. 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1993-இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் முறை நீங்கியது. 1995-இல் நமக்குப் பக்கத்திலேயே, புனேயில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் தயாராகத் தொடங்கின. மும்பையின் அடையாளமாக இருந்த பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது.

கார்கள் மாறின. கட்டடங்கள் அவ்வளவு மாறவில்லை. செம்பூர், முலுண்ட், சயான், வாஷி என்று நாம் குடியிருக்கும் பழைய சொசைட்டிகளில், ஒரே மாடியில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும் இருப்பார், வெளிநாட்டுக் கம்பெனியின் உயர் அதிகாரியும் இருப்பார். ஒருவருடைய ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே மற்றவருடைய அறுபது லட்ச ரூபாய் கார் நிற்கும். தனி பங்களாவும் மதில் சுவரும் உள்ள இடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இங்கே ஒரே கேட், ஒரே வாட்ச்மேன், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஏற்றத்தாழ்வு தினமும் காலையில் கண்ணில் படுகிறது.

முதலில் கீறலைப் பாருங்கள்

கீறல் விழுந்தவுடன் யார் என்று தேடுவதற்கு முன், எது என்று பார்ப்பது நல்லது. இடுப்பு உயரத்தில், ஒரே அழுத்தத்தில், இரண்டு மூன்று பகுதிகளைக் கடந்து ஓடும் நீண்ட கோடு பெரும்பாலும் ஒருவர் நடந்துகொண்டே வேண்டுமென்று இழுத்ததுதான். குட்டையாக, வளைந்து, ஓரிடத்தில் ஆழமாக இருப்பது குழந்தைகளின் சைக்கிள் கைப்பிடியாக இருக்கலாம். கதவின் நடுவில் சிறு பள்ளம் என்றால் அடுத்த காரின் கதவு இடித்திருக்கும். வண்டி முழுவதும் வட்ட வட்டமாக நுண்கீறல்கள் தெரிந்தால் குற்றவாளி வெளியில் இல்லை. தினமும் காலையில் மண் படிந்த துணியால் துடைக்கும் கார் துடைப்பவரிடம் நல்ல துணி இரண்டு வாங்கிக் கொடுத்தால் போதும்.

இடத்தைக் கழுவி, விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் கீறல் மேலே உள்ள நிறமற்ற பூச்சோடு நின்றுவிட்டது. பாலிஷ் போட்டாலே போகும். நகம் சிக்கினால் நிறப்பூச்சு வரை போயிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டி வரும். தகடு தெரிந்தால் தாமதம் கூடாது. நம் ஊர் கடற்காற்றும் நான்கு மாத மழையும் துருவுக்கு விருந்து வைத்தது போல. பளபளக்கும் மெட்டாலிக் நிறங்களில் புதிய பெயின்ட் பழையதோடு ஒத்துப்போக, பக்கத்துப் பகுதிக்கும் சற்று இழைத்து அடிக்க வேண்டியிருக்கும். பில் எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ‘பிபிஎஃப்’ என்ற ஒளிபுகும் பாலியூரித்தேன் படலத்தைப் பலரும் ஒட்டுகிறார்கள். சிறு உரசல்களை அது தாங்கும். செராமிக் பூச்சு என்பது வேறு. அது மினுமினுப்புக்கும் நீர் வழிந்தோடுவதற்கும் உதவுமே தவிர, சாவிக்கு எதிரான கவசம் அல்ல. இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

பொறாமையா, இடநெருக்கடியா?

பொறாமை என்று நாம் நினைக்கும் பல சண்டைகளின் வேரைத் தோண்டினால் அங்கே கிடப்பது இடம். பத்மினி காரின் நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. இன்றைய பெரிய சொகுசுக் கார்கள் ஐந்து மீட்டரை எட்டுகின்றன. அகலம், கண்ணாடிகளைச் சேர்க்காமலே, ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல். பத்மினி காலத்தில் போட்ட கோட்டுக்குள் இந்த வண்டியை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் தம் காருக்குள் சாய்ந்தும் வளைந்தும்தான் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ள அவருடைய தாயார் தினமும் அப்படி ஏறினால், அவருக்கு வருவது பொறாமை அன்று, எரிச்சல். அதற்கு எலுமிச்சம்பழத்தில் பரிகாரம் இல்லை. வண்டியைச் சுவர்ப்பக்கம் ஒட்டி நிறுத்துவது, கண்ணாடிகளை மடக்கி வைப்பது, இடத்தை மாற்றிக்கொள்ள நாமே முன்வருவது ஆகியவையே பரிகாரம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். திறந்தவெளி, ஸ்டில்ட் பார்க்கிங் இடங்களைப் பில்டர் தனியாக விற்க முடியாது, அவை சொசைட்டியின் பொது இடங்கள் என்று மும்பை வழக்கு ஒன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடத்தைவிட வண்டிகள் அதிகமானால் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும் என்பது மகாராஷ்டிர சொசைட்டிகளுக்கான மாதிரித் துணைவிதிகளின் ஏற்பாடு. “என் வண்டி விலை உயர்ந்தது, நல்ல இடம் எனக்குத்தான்” என்ற வாதம் பொதுக்குழுவில் எடுபடாது. சொல்லிப் பார்த்தவர்கள் சம்பாதித்தது பகையைத்தான்.

நண்பர் ஒருவருடைய புதுக் காரின் பின்பக்கம் நீளமாகக் கீறல் விழுந்தது. அவருக்கும் மேல்மாடிக்காரருக்கும் ஏற்கனவே பார்க்கிங் தகராறு. “அந்த ஆள்தான் சார், வேறு யாரும் இல்லை” என்று கொதித்தார். வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு எழுதப் போனவரை அவர் மனைவி தடுத்து, “முதல்ல கேமராவைப் பாருங்கோன்னா, அப்புறம் எழுதலாம்” என்றார். கேமராவில் தெரிந்தது, முந்தைய நாள் பிரிட்ஜ் இறக்க வந்த ஆட்கள். இரும்புத் தள்ளுவண்டி உரசிவிட்டது. எழுதியிருந்தால் மறுநாள் மேல்மாடிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

கேமரா விஷயத்தில் ஒன்று முக்கியம். பெரும்பாலான பதிவுக் கருவிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதியும். ஆகவே அன்றே செகரட்டரிக்கு எழுத்து மூலம் கேட்டு, அந்த நேரத்துப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காரில் பார்க்கிங் நேரத்திலும் பதிவு செய்யும் டேஷ்கேம் பொருத்துவதும் பயன் தரும். ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரைக் குழுவில் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறு வழக்கு நம்மீதே திரும்பலாம்.

வேண்டுமென்றே செய்திருந்தால்

தீய எண்ணத்தோடு செய்ததுதான் என்று தெரிந்தால் பொறுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 324-ஆம் பிரிவு இதற்குரியது. சாதாரணச் சேதத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். சேதம் 20 ஆயிரம் ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு வருடம் வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வருடம் வரை. சொகுசுக் காரில் இரண்டு கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தாலே தொகை எங்கோ போய்விடும் என்பதால், ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டுத் தாளைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. சிறு சேதமென்றால் போலீசார் ‘என்.சி.’ என்று பதிவு செய்து நகல் தருவார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள். இன்ஷூரன்சுக்கும் அது உதவும்.

இன்ஷூரன்ஸ் கணக்கு

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி நம் வண்டியின் கீறலுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. சொந்தச் சேதத்தையும் ஏற்கும் முழுப் பாலிசியில்தான் தீயநோக்குச் செயல், கலவரம், தீ எல்லாம் அடங்கும். சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேர் செய்துவிடக் கூடாது.

ஆனால் ஒவ்வொரு கீறலுக்கும் கிளெய்ம் போடுவது லாபமா? கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாகத் தள்ளுபடி ஏறும். ஒருவருக்கு அந்தப் பிரீமியம் 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் சுத்தமாக ஓட்டியவருக்கு 20 ஆயிரம் மிச்சம். பன்னிரண்டாயிரம் ரூபாய் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் அந்த 20 ஆயிரமும் போய்விடும். மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். தள்ளுபடியைக் காக்கும் துணைப்பாலிசி இருந்தால் வேறு. எனவே சிறியதைக் கைக்காசில் முடித்து, பெரியதற்குக் கிளெய்ம் போடுவதே புத்திசாலித்தனம்.

எண் பலகையும் பேசும்

வண்டியைத் தாக்குபவர்கள் எல்லோரும் அதன் விலையைப் பார்ப்பதில்லை. எண் பலகையையும் பார்ப்பதுண்டு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவு வண்டிகளும் பேருந்துகளும் கொளுத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வரி மிச்சம் என்று சிலர் இருக்காத புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்து பெரிய கார் ஓட்டுவதும் உண்டு. அது சட்டத்துக்கும் புறம்பு, அக்கம்பக்கத்தாரின் கண்ணையும் உறுத்தும். வாழும் ஊருக்கு வரி கட்டி, அந்த ஊர் எண்ணோடு ஓட்டுவது மரியாதை.

திருஷ்டிக்கு மிஞ்சிய பரிகாரம்

திருக்குறளில் பொறாமையைப் பற்றிய அழுக்காறாமை 17-ஆவது அதிகாரம். அதைப் பொறாமைப்படுபவர்கள் படிக்கட்டும். கார் வாங்கியவர்கள் அதற்கு நான்கு அதிகாரம் முன்னால் போக வேண்டும். 13-ஆவது அதிகாரம் அடக்கமுடைமை.

அடக்கம் என்றால் காரை மூடி வைத்து ஒளிப்பதன்று. உழைத்துச் சம்பாதித்துச் சட்டப்படி வாங்கிய பொருளை ஆசையோடு அனுபவிக்கலாம், தவறில்லை. இரவு பதினொரு மணிக்கு ஹாரன் அடித்து வாட்ச்மேனை எழுப்பாமல் இருப்பது, மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை நடப்பவர் மேல் வாரி அடிக்காமல் மெதுவாகப் போவது, பேச்சுக்கு நடுவே விலையைச் சொல்லாமல் இருப்பது, ‘இது எங்கள் இடம்’ என்பதற்கு முன் ‘உங்களுக்குச் சிரமமா?’ என்று கேட்பது ஆகியவைதாம் அடக்கம். கீழ்வீட்டுத் தாத்தாவுக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடிய வண்டி என்றால், அதன் மேல் சாவியை வைக்க யாருக்கும் எளிதில் கை வராது. வைக்க வந்தவனையும் அந்த வீட்டுக்காரர்களே பிடித்துக் கொடுப்பார்கள். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அவசரத்துக்கு உறவு என்பது பக்கத்து வீடுதான். பெயின்ட் போனால் அடித்துக்கொள்ளலாம். அந்த உறவில் விழும் கீறலை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சரிசெய்ய முடியாது.