எல்லைக்கோட்டின் கீழே எண்ணெய்

இரு நாடுகளின் எல்லை ஒரு நெல்வயலின் நடுவே செல்லுமாயின், வரப்பு ஒன்றை இட்டு, அவரவர் பங்கை அவரவர் உழுது பயிர் செய்யலாம். எண்ணெய் வயலில் அவ்வாறு செய்தல் இயலாது. எண்ணெய் நிலத்தடியிற் கிடக்கும் முறையே அதற்குக் காரணம்.

மசகெண்ணெய் நிலத்தின் கீழே ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளிலே, பெரும் அமுக்கத்தின்கீழ், கடற்பஞ்சில் ஊறிய நீரைப்போல நிறைந்துள்ளது. ஓரிடத்திற் கிணறு துளைத்தால் அங்கே அமுக்கம் குறைகின்றது. சுற்றிலுமுள்ள எண்ணெய் அதனை நோக்கி நகர்கின்றது. எல்லைக்கு அப்பாலுள்ள எண்ணெயும் இவ்வாறு வந்து சேரக்கூடும். ஆகவே, அயலவர் எடுக்குமுன் தாம் எடுத்துவிட வேண்டுமென்னும் அவசரம் இரு திறத்தார்க்கும் உண்டாகின்றது. அவசரப்பட்டு எடுத்தாலோ, அமுக்கம் விரைவில் வீழ்ந்து, எண்ணெயின் பெரும்பகுதி எவர்க்கும் பயன்படாது பாறையிலேயே தங்கிவிடும்.

இந்த ஐயமும் அவசரமும் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு ருமைலா வயல் சான்றாகும். 1953இல் தென் ஈராக்கிற் கண்டுபிடிக்கப்பட்ட இப்பெரும் வயலின் தென்முனை குவைத்தினுட் செல்கின்றது. அதனைப் பொதுவில் நடத்த உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. எல்லைதானும் நிலத்தில் முறையாகக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. தனக்குரிய 240 கோடி டொலர் பெறுமதியான எண்ணெயைக் குவைத் கவர்ந்துகொண்டதென 1990 ஜூலையில் ஈராக் குற்றஞ்சாட்டிற்று. குவைத் அதனை மறுத்தது. கடன், எண்ணெய் விலை முதலிய பிணக்குகளும் இதனோடு சேர்ந்தன. ஆகஸ்ட் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்தினுட் புகுந்தது. மறு ஆண்டு அப்படை பின்வாங்கியபோது, அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் தீயிடப்பட்டன. கடைசித் தீ அணைய நவம்பர் மாதமாயிற்று. ஐக்கிய நாடுகளின் குழு எல்லையை அளந்து குறிக்க, பாதுகாப்புச் சபை அதனை உறுதிசெய்தது 1993இலேயே.

வடகடலில் நிகழ்ந்தது வேறு. 1965இல் பிரித்தானியாவும் நோர்வேயும் தம்மிடையே கடலடி எல்லையை வகுத்தபோது, அவ்வெல்லையில் எண்ணெய் எதுவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. எனினும், எல்லையைக் கடந்து கிடக்கும் வயல் பின்னர் தெரியவந்தால், அதனை எடுக்கும் முறையையும் வருவாயைப் பகிரும் முறையையும் இருவரும் கலந்து தீர்மானிக்க வேண்டுமென அவ்வுடன்படிக்கையிலேயே எழுதிவைத்தனர். 1974இல் ஸ்டாட்பியோர்ட் என்னும் பெருவயல் எல்லையின் இருபுறமும் பரந்து கிடப்பது தெரிந்தது. முழு வயலையும் ஒன்றாகக் கொண்டு, ஒரே நிறுவனத்தின் மேற்பார்வையில் நடத்த 1979இல் இரு அரசுகளும் இணங்கின. அவ்வாண்டே எண்ணெயும் எடுக்கப்பட்டது. வயலைப்பற்றிய அறிவு பெருகப் பெருகப் பங்குகள் மீண்டுங் கணக்கிடப்பட்டன. முடிவில் நோர்வேக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கும், எஞ்சியது பிரித்தானியாவுக்கும் உரியவாயின.

எண்ணெய் காணப்படுமுன் செய்யும் உடன்படிக்கையில், இலாபம் எவருக்கு என்பது எவர்க்குந் தெரியாது. ஆதலின் அப்பொழுது நியாயம் பேசுதல் எளிது. கிணறுகள் ஓடத் தொடங்கியபின், ஒவ்வொரு பீப்பாயும் வழக்காகிவிடுகின்றது.