மேகக் கணிமையில் தொடர்புசார் தரவுத்தளங்கள்

தொடர்புசார் தரவுத்தளம் என்பது தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகச் சேமிக்கும் முறையாகும். இத்தகைய தரவுத்தளத்தைச் சொந்தக் கட்டடத்தில் உள்ள கணினியில் வைக்காமல், இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில் வைத்து நடத்துவது மேகத் தரவுத்தளம் எனப்படும். சொந்தக் கணினியிலிருந்து மேகத்துக்குத் தரவுகளை மாற்றும் பணி தரவுத்தள இடமாற்றம் ஆகும்.

அடிப்படை

தொடர்புசார் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 இல் முன்வைத்தார். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவை இம்முறையில் இயங்கும் மென்பொருள்கள்.

ஓர் ஏலக்காய் ஏலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விவசாயிகளுக்கு ஓர் அட்டவணை, வியாபாரிகளுக்கு ஒன்று, விற்பனைக்கு வந்த லாட்டுகளுக்கு ஒன்று என வைக்கலாம். லாட்டு அட்டவணையில் விவசாயியின் பெயர், முகவரி முழுவதையும் எழுதாமல் அவருடைய பதிவு எண்ணை மட்டும் எழுதினால் போதும். அந்த எண் இரு அட்டவணைகளையும் இணைக்கிறது. பதிவேட்டில் இல்லாத எண்ணை எழுதினால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும்.

இரு வியாபாரிகள் ஒரே நொடியில் ஒரே லாட்டுக்கு விலை கேட்டாலும், தரவுத்தளம் அந்த வரிசையைப் பூட்டி, ஒன்றன்பின் ஒன்றாகவே பதியும். இதனால் ஒரு லாட்டு இருவருக்கு விற்கப்படுவது தவிர்க்கப்படுகிறது.

போடி - புத்தடி ஏலம்

சிறு ஏலக்காய்க்கான மின்னணு ஏலம் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடைபெறுகிறது. முன்பு ஒரு மையத்தின் ஏலத்தில் பங்கேற்க அந்த மையத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. 2020 இல் கொரோனா பொதுமுடக்கத்தால் மாநில எல்லையைக் கடப்பது கடினமானது. 2021 தொடக்கத்தில் மேகக் கணிமை வழியிலான நேரலை மின்னணு ஏலத்தை வாரியம் அறிமுகப்படுத்தியது. இரு மையங்களில் இருப்போரும் ஒரே ஏலத்தில் விலை கேட்க இது வழிசெய்தது.

இங்கே தரவின் மதிப்பு பெரிது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்கு ஏலம் போனது. அந்த விலையில் 100 கிலோ லாட்டு ஒன்றின் பதிவு தவறினால் 7 லட்சம் ரூபாய்க்குக் கணக்கு இல்லாமல் போகும்.

பொறுப்பு யாருடையது?

அமேசானின் ஆர்டிஎஸ் சேவை 2009 இல் தொடங்கியது. அதன் மும்பைத் தரவு மையத் தொகுதி 2016 இல் வந்தது. மைக்ரோசாப்ட் 2015 இல் சென்னை உள்ளிட்ட இடங்களில் தொடங்கியது. இந்திய அரசின் மேகத் திட்டத்துக்கு மேகராஜ் என்று பெயர்.

கணினி, வட்டு, மின்சாரம், மென்பொருள் திருத்தங்கள் ஆகியவற்றைச் சேவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தரவு சரியானதா, யாருக்கு எந்த அனுமதி, காப்பு நகல் எத்தனை நாள் ஆகியவை தரவின் உரிமையாளர் பொறுப்பு. ஆர்டிஎஸ் தானியங்கிக் காப்பு நகல்களை அதிகபட்சம் 35 நாள் வைத்திருக்கும். அதற்கு மேல் வேண்டுமெனில் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் இணைப்படியைக் காப்பு நகலாகக் கருதக்கூடாது. ஒருவர் தவறுதலாக அட்டவணையை அழித்தால், இணைப்படியிலும் அது உடனே அழியும். காப்பு நகலிலிருந்து தரவை மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது செய்து பார்க்க வேண்டும்.

இடமாற்றத்தின் படிகள்

1. அட்டவணைகளையும் அவற்றைப் பயன்படுத்தும் மென்பொருள்களையும் பட்டியலிடுதல்.
2. புதிய இடத்தில் அட்டவணை அமைப்பை உருவாக்கி, முழு நகலை ஏற்றுதல். விவசாயி அட்டவணை முதலில், லாட்டு அட்டவணை பிறகு.
3. நகல் எடுத்த பின் நிகழும் மாற்றங்களைத் தொடர்ந்து புதிய இடத்துக்கு அனுப்புதல்.
4. ஏலம் இல்லாத நேரத்தில் பதிவுகளைச் சற்று நிறுத்தி, இரு பக்கமும் ஒப்பிட்டு, புதிய தரவுத்தளத்துக்கு மாறுதல்.
5. பழையதை உடனே அழிக்காமல், திரும்பிச் செல்லும் வழியாகச் சில வாரங்கள் வைத்திருத்தல்.

ஒரு மென்பொருளிலிருந்து வேறொன்றுக்கு மாறும்போது கூடுதல் கவனம் தேவை. வெற்றுச் சொல்லை ஆரக்கிள் 'மதிப்பு இல்லை' என்றே கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டையும் வேறுபடுத்தும். நேரமும் சிக்கல் தரும். மேகக் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட 5.30 மணி முன்னால் உள்ளது. இந்திய நேரத்தில் பதிந்த மாலை 7 மணியை உலகப் பொது நேரமாகக் கொண்டால், திரையில் அது மறுநாள் 12.30 எனத் தோன்றும். பணம் தர வேண்டிய கெடுநாளும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

தமிழ் எழுத்துகள்

போடியை அடுத்த ராசிங்காபுரத்தின் பெயரில் ஏழு எழுத்துகள் உள்ளன. யூனிகோடில் அது 13 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகள். புதிய அட்டவணையில் ஊர்ப் பெயருக்கு 30 பைட்டு மட்டும் ஒதுக்கியிருந்தால் அந்தப் பெயர் ஏறாது, அல்லது பாதியில் வெட்டுப்படும். எழுத்துக் குறியீட்டு முறை தவறாக அமைந்தால் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும். பிறகு அவற்றை மீட்க முடியாது.

'போடி' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எனவே எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

சரிபார்ப்பு

இரு பக்கமும் வரிசைகளின் எண்ணிக்கை, மொத்த எடை, மொத்தத் தொகை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஒருவருக்குக் கூடியதும் மற்றவருக்குக் குறைந்ததும் மொத்தத்தில் தெரியாது. ஆகவே சில லாட்டுகளைக் குறிப்பின்றித் தேர்ந்து, விவசாயியிடம் உள்ள ரசீதுடன் ஒப்பிட வேண்டும். மலையில் காய் பறித்து விற்றவரின் கையில் இருக்கும் சான்று அந்த ரசீதுதான். அதோடு திரை ஒத்துப்போனால்தான் இடமாற்றம் முடிந்ததாகக் கொள்ளலாம்.