93 எடுத்தா 'ஏ2', 86 எடுத்தா 'ஏ1': சி.பி.எஸ்.இ. கிரேடு கணக்கில் நடப்பது என்ன?

சென்னை,

ரிசல்ட் வந்த அன்று வீடே சந்தோஷமாக இருக்கும். டிஜிலாக்கரில் மார்க் ஷீட்டை திறந்து ஒவ்வொரு பாடமாக பார்க்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிள்ளைகளை படிக்க வைக்கும் பெற்றோர் பலருக்கு மே மாதம் வந்தாலே இந்த கதைதான்.

ஆங்கிலத்தில் 93 மார்க். பக்கத்தில் 'ஏ2'. கணக்கில் 86 மார்க்தான். அதற்கு பக்கத்தில் 'ஏ1'. "என்னங்க இது, மாத்தி பிரிண்ட் பண்ணிட்டாங்களா?" என்று பள்ளிக்கூடத்துக்கு போன் போடும் அப்பாக்கள் உண்டு. 93 எடுத்த பிள்ளையை "கிரேடு குறைஞ்சு போச்சே" என்று திட்டித் தீர்க்கும் அம்மாக்களும் உண்டு.

இரண்டுமே வேண்டாத வேலை. மார்க் ஷீட்டில் தப்பு எதுவும் இல்லை.

வரிசையில் எத்தனாவது ஆள்?

சி.பி.எஸ்.இ. கிரேடு என்பது மார்க்கின் மறுபெயர் அல்ல. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் பாஸ் ஆன எல்லோரையும் மார்க் வாரியாக ஒரே வரிசையில் நிறுத்தினால், உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான் என்பதைத்தான் கிரேடு சொல்கிறது.

அந்த வரிசையை 8 சம பாகமாக வெட்டுகிறார்கள். முதல் பாகத்துக்கு 'ஏ1'. அடுத்த பாகத்துக்கு 'ஏ2'. அப்படியே 'பி1', 'பி2', 'சி1', 'சி2', 'டி1' என்று இறங்கி கடைசி பாகத்துக்கு 'டி2'. பாஸ் மார்க்கான 33 சதவீதத்தை தொடாதவர்களுக்கு 'இ'. அவர்கள் இந்த வரிசையிலேயே வரமாட்டார்கள்.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். ஆங்கிலத்தில் மார்க்கை அள்ளிக் குவிக்கிறவர்கள் அதிகம். முதல் பாகம் 95 மார்க்கிலேயே நிரம்பி விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். 93 எடுத்தவர் இரண்டாவது பாகத்துக்கு போய் விடுவார். கணக்கு வினாத்தாள் கடினமாக இருந்து பலரும் சறுக்கி இருந்தால், முதல் பாகம் 85 வரைக்கும் கூட இறங்கி வரும். அப்போது 86-க்கு 'ஏ1' கிடைத்து விடும்.

ஆக 93-க்கு 'ஏ2' வந்தால் பிள்ளை மோசமாக எழுதினான் என்று அர்த்தம் இல்லை. கூட எழுதியவர்கள் நிறைய பேர் நன்றாக எழுதி இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரே மார்க்கில் 200 பேர் நின்றால்?

கத்தி போடுகிற இடத்தில் ஒரே மார்க்கில் பலர் நிற்பார்கள். அவர்களை பாதிப்பாதியாக பிரிக்க முடியாது. ஒரே மார்க்குக்கு ஒரே கிரேடுதான் என்பது விதி.

ஒரு பாடத்தில் 8 ஆயிரம் பேர் பாஸ் என்று வைத்துக் கொள்வோம். 'ஏ1' ஆயிரம் பேருக்கு. 96 மார்க் வரைக்கும் 940 பேர் வந்து விட்டார்கள். 95-ல் மட்டும் 200 பேர். இதில் 60 பேருக்கு தான் இடம் இருக்கிறது, 140 பேர் வெளியே. சிறிய கூட்டம் பெரிய கூட்டத்தோடு போக வேண்டும் என்பதால் அந்த 60 பேரும் சேர்ந்து 200 பேருக்கும் 'ஏ2'. உள்ளே 140, வெளியே 60 என்று இருந்திருந்தால் 200 பேருக்கும் 'ஏ1' விழுந்திருக்கும்.

ஒரு மார்க்கில் போச்சே என்று அழும் பிள்ளைகளுக்கு பின்னால் இருப்பது இந்த கணக்குதான்.

500 பேருக்கு மேல் பாஸ் ஆகும் பாடங்களில்தான் இந்த முறை. அதற்கும் குறைவான ஆட்கள் உள்ள பாடங்களுக்கு, அதே மாதிரியான வேறு பாடத்தில் கிரேடு எப்படி விழுந்ததோ அதை பின்பற்றுகிறார்கள்.

பழைய முறை

இப்படி வரிசை போடாமல், நேராக மார்க்கை வைத்தே கிரேடு கொடுத்த காலமும் உண்டு. 10-ம் வகுப்பில் 2010 முதல் 2017 வரை அப்படித்தான் இருந்தது. 91 முதல் 100 வரை 'ஏ1', 81 முதல் 90 வரை 'ஏ2'. பெற்றோருக்கு சட்டென்று புரிந்தது. ஆனால் மார்க் ஷீட்டில் மார்க் இருக்காது. 91 எடுத்தவரும் 'ஏ1', 100 எடுத்தவரும் 'ஏ1'. சராசரி புள்ளியை 9.5-ஆல் பெருக்கினால் சதவீதம் என்றார்கள். 10-க்கு 10 வாங்கிய எல்லோரும் 95 சதவீதம் என்று ஆகிப் போனார்கள்.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வினாத்தாள் ஒரு வருஷம் சுலபம், அடுத்த வருஷம் கடினம் என்றால் 'ஏ1' கூட்டமும் ஏறி இறங்கும். வரிசை முறையில் அந்த தொல்லை இல்லை. எந்த வருஷமும் 8-ல் ஒரு பங்குதான். ஆனால் ஒரு வருஷத்து பிள்ளைகள் எல்லோருமே நன்றாக படித்து எழுதினாலும் அதே 8-ல் ஒரு பங்குதான். இதுதான் இந்த முறையின் குறை. கஷ்டப்பட்டு படித்த பிள்ளைக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

கோர்ட்டுக்கு போன விவகாரம்

கிரேடு போடுவதற்கு முன்பு மார்க்கையே சரி செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. 'மாடரேஷன்' என்பார்கள். ஒரே தேர்வுக்கு பல செட் வினாத்தாள். ஒரு செட் கடினம், இன்னொன்று சுலபம் என்றால் அந்த வித்தியாசத்தை ஈடு கட்ட மார்க் சேர்ப்பது. கேள்வியே தப்பாகவோ குழப்பமாகவோ இருந்தாலும் இதே வழிதான்.

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், பிளஸ்-2 தேர்வு நடந்து கொண்டிருந்த நேரத்தில், இதை நிறுத்தப் போவதாக சி.பி.எஸ்.இ. முடிவு எடுத்தது. பெற்றோர் டெல்லி ஐகோர்ட்டுக்கு போனார்கள். பாதி வழியில் விதியை மாற்றக்கூடாது, அந்த வருஷ பிள்ளைகளுக்கு பழைய முறையே தொடர வேண்டும் என்று மே 23-ந்தேதி கோர்ட்டு உத்தரவிட்டது. அதன் பிறகு மே 28-ந்தேதிதான் ரிசல்ட் வந்தது.

என்ஜினீயரிங் சீட்டு பாதிக்குமா?

சென்னை பெற்றோரின் பெரிய பயம் இதுதான். 'ஏ2' வந்ததால் அண்ணா பல்கலைக்கழக சீட்டு போய் விடுமா? போகாது. என்ஜினீயரிங் கட்-ஆப் கணக்கில் கிரேடுக்கு வேலையே இல்லை. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 என்று 200-க்கு மார்க்கை மட்டும்தான் எடுப்பார்கள்.

வேறு போர்டு மாணவர்களின் மார்க்கை மாநில பாடத்திட்ட மார்க்கோடு சமப்படுத்த, நுழைவுத்தேர்வை ரத்து செய்த தமிழக சட்டத்திலேயே வழி இருக்கிறது. பிசிக்சில் மாநில அளவில் அதிகபட்சம் 100, இன்னொரு போர்டில் அதிகபட்சம் 95 என்றால் இரண்டையும் 100 என்று எடுத்துக் கொள்வார்கள். அந்த போர்டில் 76 எடுத்தவருக்கு 80 ஆகி விடும்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த போர்டில் ஒரே ஒரு பிள்ளை 100-க்கு 100 எடுத்து விட்டாலும் மற்றவர்களுக்கு அரை மார்க் கூட ஏறாது. "நார்மலைசேஷன்ல ஏறிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி கட்-ஆப் கணக்கு போட்டு வைத்தால் கவுன்சிலிங்கில் ஏமாற வேண்டியது வரும்.

மார்க்கிலேயே சந்தேகம் என்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கி பார்க்கலாம். பிறகு கூட்டல் சரிபார்ப்பு, மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்கு குறிப்பிட்ட நாட்கள்தான் அவகாசம். ஆசிரியர் ஒருவரை பக்கத்தில் வைத்துக் கொண்டு நகலை பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது நல்லது. ஏனென்றால் மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தாலும் அந்த குறைந்த மார்க்தான் நிற்கும்.