இரண்டு பேட்டரியும் எழுதாமல் விட்ட ஒரு வரியும்

ஆம்பூர் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்ப்பவர், தோலை மேசையில் விரித்ததும் முதலில் கையால்தான் தடவுவார். முள் கீறிய இடம், உண்ணி கடித்த இடம், சூடு போட்ட இடம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். குரோமியத்தில் ஊறி நீலமாகி வந்த பிறகும் அந்த மாடு பட்டதெல்லாம் அதன் தோலில் இருக்கும். தழும்பு மிகுந்த தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் விட்டு மேற்பரப்பைத் தேய்த்தெடுப்பார்கள். பஃபிங் என்று பெயர். அதன்மேல் சாயம் ஏற்றி, தோல்வரி பொறித்த தகட்டை வைத்து அழுத்தினால் குறையே தெரியாது. வரி இருக்கும், ஆனால் அது அந்த மாட்டினுடைய வரியாக இருக்காது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. அவர் எங்கள் பக்கத்துக்காரர், ஜோலார்பேட்டை. அங்கிருந்து ரயிலேறி வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர் மத்திய சிறை. மகனைப் பார்க்க அற்புதம்மாள் வருடக்கணக்கில் சிறை வாசல்களுக்கு நடந்தார்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பணியில் இருந்த போலீஸார் உட்பட இன்னும் பலர் அவரோடு மாண்டார்கள். ஜூன் 11 அன்று பேரறிவாளன் பிடிக்கப்பட்டபோது அவருக்கு 19 வயது. மின்னணுவியல் டிப்ளமோ படித்தவர். அவர்மீது சுமத்தப்பட்டவற்றில் ஊரே நினைவில் வைத்திருப்பது ஒன்றுதான்: இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கி, கொலையைத் திட்டமிட்ட விடுதலைப் புலிகள் இயக்கத்தின் சிவராசனிடம் கொடுத்தார் என்பது.

அந்தப் பேட்டரியை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, தலையில் இரண்டு பொத்தான். உள்ளே பிரித்தால் 1.5 வோல்ட் செல்கள் ஆறு, ஒன்றோடொன்று தொடராக இணைந்திருக்கும். ஆறு ஒன்றரை ஒன்பது. துத்தநாகம் எலெக்ட்ரானை விட, மாங்கனீசு டை ஆக்சைடு வாங்கிக்கொள்ள, அந்த ஓட்டம்தான் மின்சாரம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் மல்டிமீட்டருக்கும் அதே பேட்டரிதான். சின்ன வயதில் அதன் இரண்டு முனையையும் நாக்கில் வைத்துச் சுரீர் என்று இழுத்துப் பார்க்காத பையன் உண்டா? ரேடியோவுக்குப் போனாலும் வெடிகுண்டுக்குப் போனாலும் உள்ளே நடக்கும் வேதியியல் ஒன்றே. வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கான தடயம் எதுவும் அதில் தங்காது.

அந்த வழக்கில் தடய அறிவியல் செய்தது சாதாரண வேலை இல்லை. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டு, கம்பி, எஃகுக் குண்டுகளை வைத்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில் பெல்ட்டாகக் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார். புகைப்படக்காரர் ஹரிபாபு அங்கேயே இறந்துபோனார். அவருடைய கேமரா பிழைத்தது. அதற்குள் இருந்த படங்களில் மாலையோடு நின்ற அந்தப் பெண், தணுவின் முகம் இருந்தது. பொருள்கள் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டன. ஆனால், 19 வயதுப் பையன் ஒருவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை எந்த ஆய்வுக்கூடத்தாலும் சொல்ல முடியாது. அதை அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.

காவல் நிலையத்தில் அப்படிக் கேட்டதை நம்பக்கூடாது என்று 1872இன் சாட்சியச் சட்டமே சொல்லியிருந்தது. அதன் 25ஆம் பிரிவுப்படி போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பயங்கரவாதத் தடுப்புக்கென வந்த தடா சட்டம் இதைப் புரட்டிப் போட்டது. எஸ்.பி. அல்லது அதற்கு மேல் தகுதியுள்ள அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது. 15 நாள் போலீஸ் காவல் என்ற வரம்பையும் 60 நாளாக்கியது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை, நேராக உச்ச நீதிமன்றம்தான். 1999 மே 11 அன்று அங்கே தடா குற்றச்சாட்டுகள் விழுந்தன. 19 பேர் விடுதலை ஆனார்கள். ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் விழவில்லை. நான்கு பேருக்குத் தூக்கு உறுதியானது, பேரறிவாளன் அதில் ஒருவர். பேட்டரியோடு வேறு சூழ்நிலைகளையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது உண்மை. ஆனாலும் பேட்டரி வாங்கியதைக் கொலைச் சதியோடு முடிச்சுப் போட்டது அந்த வாக்குமூலம்தான் என்பது என் வாசிப்பு.

அதை எழுதியவர் சி.பி.ஐ. எஸ்.பி.யாக இருந்த வி. தியாகராஜன். ஓய்வு பெற்ற பிறகு 2013இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி வாங்கிக் கொடுத்ததைப் பேரறிவாளன் ஒப்புக்கொண்டார், எதற்காக என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார், இரண்டாவதை நான் எழுதவில்லை. எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே நிற்காது என்பது அவர் அன்று கண்ட காரணம். 2017இல் இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார். நோக்கம் தங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சிவராசன் 1991 மே மாதத் தொடக்கத்தில் புலிகளின் உளவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கு அனுப்பிய வயர்லெஸ் செய்தியையும் அதில் சுட்டினார். தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு 22 வருடம் ஆயிற்று. ஆனாலும் ஒப்புக்கொண்டார் என்பதற்காக அவரை மதிக்கிறேன்.

ஒருவர் தன் வாயால் சொன்னதாகவே இருந்தாலும் ஒப்புதலை அப்படியே நம்பலாமா? 1996இல் அமெரிக்க உளவியலாளர் சால் காசின் ஒரு சோதனை வைத்தார். மாணவர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி, ‘ஆல்ட்’ விசையை மட்டும் தொடாதீர்கள், கணினி நின்றுவிடும் என்று எச்சரித்தார். கணினி நின்றது, நிற்கும்படி முன்பே செய்திருந்தார்கள். யாரும் அந்த விசையைத் தொடவில்லை. இருந்தும் நூற்றுக்கு 69 பேர் தொட்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அடி கிடையாது, தூக்கம் கெடவில்லை, வீட்டுக்குப் போகத் தடையும் இல்லை. அதற்குப் பத்து வருடம் முன்பு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 17 வயதுப் பையன் ஒருவன், தான் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். அலெக் ஜெஃப்ரீஸின் டி.என்.ஏ. சோதனை அவனை விடுவித்தது. டி.என்.ஏ. முதன்முதலில் குற்றமற்றவர் என்று காட்டிய ஆளே ஒப்புதல் கொடுத்தவர்!

அந்தப் பையனுக்கு டி.என்.ஏ. இருந்தது. ஜோலார்பேட்டைப் பையனுக்கு அந்த வழி இல்லை. இங்கே தகராறு கை செய்த காரியத்தைப் பற்றி இல்லை, மனம் அறிந்ததைப் பற்றி. அதைச் சோதிக்க இருந்த ஒரே தடயம் அவர் பேசிய பேச்சு. ஒரு டேப் ரெக்கார்டர் ஓடியிருந்தால் போதும், விட்டுப்போன வரி அப்படியே கிடைத்திருக்கும். 1991இல் அது கடைத்தெருவில் கிடைத்த சாமான்தான். விசாரணை அறைகளில் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2020 டிசம்பரில்.

இடையில், 1999 தீர்ப்புக்குப் பிறகு, 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்தார்கள், வேலூர் சிறையில். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனு கிடப்பில் கிடந்த காலத்தைக் காரணமாக்கி உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவில் விடுதலை கிடைத்தது. தமிழக அமைச்சரவையின் 2018 பரிந்துரையின் மேல் ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்ததுதான் அதன் அடிப்படை. ஜோலார்பேட்டை வீட்டில் அன்று பறை ஒலித்தது. 19 வயதில் போனவர் 50 வயதில் வந்திருந்தார்.

1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய அவருடைய மனுவை 2018இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது. எனவே சட்டத்தின் ஏட்டில் அவர் இன்னும் குற்றவாளிதான். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்ற அந்த வரி, வாக்குமூலத்தில் இல்லாமல், அதை எழுதாமல் விட்டவரின் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது.